விசுவாசி மரணத்துக்குப் பயப்படலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் பல வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். நுரையீரல் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது; இனி கீமோ வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பகலில் ஓரளவு நன்றாக இருக்கிறார். இரவு ஒன்று, இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து "லைட்டைப் போடும்மா, பயமா இருக்கு" என்கிறார். ஜெபிக்க வருகிறவர்கள், "பயம் தேவன் கொடுத்த ஆவி இல்லை, மரணத்தைப் பேசாதீர்கள், ஜீவனைப் பேசுங்கள்" என்கிறார்கள். அதிலிருந்து அப்பா அவர்கள் முன்னால் வாயே திறப்பதில்லை. இத்தனை வருட விசுவாசம் என்ன ஆயிற்று? நான் அவருக்கு என்ன செய்ய வேண்டும்? அண்ணன் துபாயில் இருக்கிறார். எப்போது வரச் சொல்வது என்றும் தெரியவில்லை.
— தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு மகள்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வேதத்தைத் திறப்பதற்கு முன்னால் அப்பாவின் மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் இல்லாத பயம் தினமும் ஒரே நேரத்தில் வருகிறதென்றால், அதில் ஒரு பங்காவது உடம்பின் வேலையாக இருக்கும்.

மூன்று மருந்துகளைப் பாருங்கள். முதலாவது மார்ஃபின். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். இரவு ஒன்பது மணிக்குக் கடைசி மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்ததைக் காலை ஆறுக்குக் கொடுத்தால், ஒரு மணிக்கே மருந்தின் பலம் தீர்ந்துபோகும். வலியும் மூச்சுத்திணறலும் அந்த இடைவெளியில் எழும்பும். அதனால்தான் பல வலிநிவாரண மருத்துவர்கள் படுக்கும் வேளைக்கு இரட்டை அளவு எழுதுவார்கள், அல்லது நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரைக்கு மாற்றுவார்கள். அளவை நீங்களாக மாற்றக்கூடாது. ஆனால் "இரவு ஒரு மணிக்கு எழும்புகிறார்" என்று நேரத்தோடு மருத்துவரிடம் சொல்லுங்கள். மார்ஃபின் தொடங்கிய நாளிலிருந்து மலமிளக்கியும் தினமும் தேவை. அது இல்லாமல் நாலைந்து நாள் மலம் போகாவிட்டால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும்.

இரண்டாவது டெக்ஸாமெதசோன். பசிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கிற இந்த ஸ்டீராய்டை மாலையிலோ இரவிலோ கொடுத்தால் தூக்கம் போய்ப் படபடப்பு வரும். காலையிலும், இரண்டு வேளை என்றால் மதியத்துக்குள்ளும் கொடுப்பதுதான் வழக்கம். மூன்றாவது, வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு. சிலருக்கு அது ஓரிடத்தில் இருக்கவிடாத ஒரு தவிப்பை உண்டாக்கும். கால் சும்மா இருக்காது, உட்காருவார், எழும்புவார். கேட்டால் "என்னவோ பண்ணுது" என்பார். பார்க்கிறவர்களுக்கு அது பயமாகத்தான் தெரியும்.

மூச்சுத்திணறல் இருந்தால் அதுவே பயத்தைப் பெருக்கும், பயம் மூச்சை இன்னும் வாங்கவைக்கும். இதைத் தடுக்க அப்பாவைத் தட்டையாகப் படுக்கவைக்காமல் முதுகுக்குத் தலையணை அடுக்கிச் சாய்த்து வையுங்கள். எழுந்து உட்கார்ந்தால் முன்னால் ஒரு மேஜை போட்டு, தலையணைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து உட்காரச் செய்யுங்கள். சிறிய மேஜை ஃபேனை முகத்துக்கு நேராக, மூக்கிலும் கன்னத்திலும் காற்று படும்படி வையுங்கள். கூட்டத்தைக் குறையுங்கள். குறைந்த அளவு மார்ஃபின் மூச்சுத்திணறலுக்கும் உதவும். "மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்", "பழகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கும்போது அந்த இரண்டு பயத்துக்கும் இடமில்லை.

விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் மாத்திரையைப் பற்றிச் சொல்கிறாரே என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துச் சொல்லும் "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்கிற வசனம் 2 தீமோத்தேயு 1:7. அதே நிருபத்தை நாலாம் அதிகாரம் வரைக்கும் வாசித்துப் பாருங்கள். "நான் தேகத்தை விட்டுப் பிரியும் காலம் வந்தது" என்று பவுல் எழுதுகிறார். அதை எழுதிய கையோடு, துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரச் சொல்கிறார். புஸ்தகங்களும் வேண்டும் என்கிறார். "லூக்காமாத்திரம் என்னோடே இருக்கிறான்" என்கிறார். லூக்கா யார் என்று கொலோசெயர் 4:14 சொல்கிறது: பிரியமான வைத்தியன். மரணத்தை நேருக்கு நேர் பார்த்த ஒரு விசுவாசி போர்த்திக்கொள்ளத் துணியும், வாசிக்கப் புஸ்தகமும், பக்கத்தில் ஆளும் கேட்டிருக்கிறார். அது அவருடைய விசுவாசத்துக்குக் குறைவாகவில்லை.

1:7ஐயும் அதன் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கர்த்தரைப் பற்றிச் சாட்சி சொல்ல வெட்கப்படாதே என்று வயதில் இளைய ஓர் ஊழியக்காரனுக்குச் சொன்ன பேச்சு அது. படுக்கையில் மூச்சு வாங்குகிற 71 வயதுக்காரரிடம் அதைச் சொன்னால் அவர் காதில் விழுவது ஒன்றுதான்: "உங்களிடம் இருப்பது பிசாசின் ஆவி." அதற்குப் பிறகு எந்த மனிதர் தன் பயத்தை வெளியே சொல்வார்?

கெத்செமனேயில் நம் ஆண்டவர் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு 14:33 எழுதுகிறது. அவர் சீஷர்களிடம் கேட்டது, "நீங்கள் இங்கே தங்கி, விழித்திருங்கள்" என்பதுதான். பிரசங்கம் கேட்கவில்லை. மரணத்தை 1 கொரிந்தியர் 15:26 "கடைசிச் சத்துரு" என்கிறது. சத்துருவைக் கண்டால் உடம்பு நடுங்கத்தான் செய்யும். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது சங்கீதம் 56:3. பயமும் நம்பிக்கையும் அங்கே ஒரே நாளில் இருக்கின்றன. அப்பாவின் விசுவாசம் எங்கும் போய்விடவில்லை, அம்மா. அதைச் சொல்ல அவருக்கு இடம் இல்லாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், நம் சபை வீடுகளில் சாகிறவர்களுக்குச் செய்யப்படும் பெரிய அநியாயம், விசுவாச அறிக்கை என்ற பேரில் அவர்கள் வாயைக் கட்டிப்போடுவது.

ஆகவே முதலில் அவரைப் பேசவிடுங்கள். நடு இரவில் வேண்டாம். அப்போது விளக்கைப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். வலி அடங்கியிருக்கிற ஒரு காலை வேளையில், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "அப்பா, ராத்திரி பயமா இருக்குன்னு சொன்னீங்களே, எதை நினைச்சுப் பயம் வருது?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஒரு நிமிடம் மௌனமாக இருப்பது கஷ்டமாக இருக்கும். வாய் துறுதுறுக்கும், ஒரு வசனம் வந்து நிற்கும், அடக்கிக்கொள்ளுங்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

அவர் சொல்லப்போகிற பதில் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் 23ஆம் சங்கீதத்தையே வாசித்தால் பாதிதான் பலிக்கும்.

"மூச்சு முட்டிச் சாவேனோ, வலியில துடிப்பேனோ" என்றால் அவர் பயப்படுவது சாவுக்கு அல்ல, சாகும் விதத்துக்கு. மருத்துவரை அவர் முன்னாலேயே பேசவையுங்கள்: மூச்சுத்திணறல் கூடினால் என்ன மருந்து, யாரைக் கூப்பிடுவது, ராத்திரியில் என்ன செய்வது. அதை ஒரு தாளில் எழுதிக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். தாளைப் பார்த்தாலே சிலருக்குப் பாதிப் பயம் போகும்.

"உங்க அம்மா தனியா என்ன செய்வா?" என்றால் அது பிரிவின் துக்கம். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அம்மா யாரோடு இருப்பார், பென்ஷன் யார் பேருக்கு மாறும், வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பிள்ளைகள் வழியாகத்தான்.

"ஒண்ணுமே இல்லாம போயிடுவேனோ, நான் படிச்சுக் கொடுத்ததெல்லாம் நெசந்தானா?" என்று ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியர் கேட்டால் வீடே அதிர்ந்துபோகும். அதிராதீர்கள். வாதம் செய்யவும் வேண்டாம். இந்த நேரத்தில் நம்மைத் தாங்குவது நம்முடைய பிடியின் பலம் அல்ல. ரோமர் 8:38, 39 மரணமானாலும் ஜீவனானாலும் தேவ அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது என்கிறது. திருவிழாக் கூட்டத்தில் தகப்பன் கையைப் பிடித்துப் போகிற குழந்தை தூங்கிக் கையை விட்டாலும் தகப்பன் விடுவதில்லை. அப்பாவிடம் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "இப்போ நீங்க நம்ப முடியலன்னா பரவாயில்ல, உங்களுக்காக நாங்க நம்புறோம்." நான்கு பேர் கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனை இறக்கியபோது, "அவர்கள் விசுவாசத்தை" இயேசு கண்டார் என்றுதான் மாற்கு 2:5 சொல்கிறது.

நான்காவது பதில், பெரும்பாலும் வெளியே வராதது: "நான் செஞ்ச ஒண்ணு இருக்கு." பழைய கடன், தம்பியோடு நின்றுபோன பேச்சு, யாருக்கும் தெரியாத ஒரு பாவம். நாற்பது வருடம் மன்னிப்பைப் பற்றிப் போதித்தவருக்கும் தன் காரியம் என்று வரும்போது நெஞ்சு அடைக்கும். இதற்கு உங்கள் சபையிலேயே ஒரு வழி இருக்கிறது, பலர் மறந்துவிட்டார்கள். சி.எஸ்.ஐ.யாக இணைந்த சபைகளில் ஒன்றான ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தில், நோயாளியைச் சந்திக்கும் முறைமையில், மனச்சாட்சியைப் பாரமான காரியம் எதுவும் அழுத்தினால் நோயாளி அதைத் தனியாக அறிக்கையிடும்படி குருவானவர் ஏவ வேண்டும் என்றும், அவர் விரும்பினால் பாவவிமோசனம் கூற வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் சபை ஐயரிடம் போனில் இப்படிச் சொல்லுங்கள்: "அப்பா உங்களோடு தனியாகப் பேச வேண்டும், அரை மணி நேரம் வேண்டும்." அவர் வந்ததும் நீங்கள், அம்மா, எல்லோரும் வெளியே போய்விடுங்கள். கதவைச் சாத்துங்கள். பிறகு என்ன பேசினீர்கள் என்று இருவரிடமும் கேட்காதீர்கள். 1 யோவான் 1:9ஐ ஒருவர் தன் முகத்தைப் பார்த்து, தன் பெயரைச் சொல்லிச் சொல்வதைக் கேட்பது வேறு. ஆலயத்தில் கூட்டத்தோடு கேட்பது வேறு. தம்பியோடு பிணக்கு என்றால் தம்பியையே வரவழையுங்கள். நீண்ட பஞ்சாயத்து வேண்டாம். "மன்னிச்சிரு" என்ற ஒரு வார்த்தை போதும்.

திருவிருந்தையும் கடைசி நாளுக்கு என்று தள்ளிவைக்காமல் இப்போதே கேளுங்கள். விழுங்கக் கஷ்டம் என்றால் அப்பத்தின் ஒரு சிறு துணுக்கை ரசத்தில் தோய்த்துக் கொடுக்கலாம் என்று ஐயரிடம் முன்பே சொல்லிவையுங்கள். அதுவும் முடியாத நாள் வந்தால் கலங்க வேண்டாம். உண்மையாய் மனந்திரும்பி, கிறிஸ்து தனக்காக மரித்தார் என்று விசுவாசிக்கிறவர் வாயினால் வாங்காவிட்டாலும் பெற்றவரே என்று அதே ஜெபப் புத்தகம் தெளிவாகச் சொல்கிறது.

ஜெபிக்க வருகிறவர்களை நிறுத்த வேண்டாம், ஒழுங்குபடுத்துங்கள். ஒரே நேரத்தில் மூன்று பேர், பத்து நிமிடம், மெதுவான குரல். வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, அப்பாவுக்குச் சத்தம் தாங்காது. ஒரு சங்கீதம் வாசிச்சு, கையைப் பிடிச்சு ஜெபம் பண்ணுங்க." சுகத்துக்காக ஜெபிப்பது தவறல்ல. ஆனால் "விடுவிக்காமற்போனாலும்" என்று அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்கள் தானியேல் 3:18இல் சொன்னதையும் சேர்த்து ஜெபிக்கட்டும். மருந்தை நிறுத்தச் சொல்கிறவரை மட்டும் தயவு பார்க்காமல் நிறுத்திவிடுங்கள்.

இரவுக்கு ஒரு சின்ன ஒழுங்கு வையுங்கள். முழு இருட்டு வேண்டாம், ஒரு சீரோ வாட் பல்பு எரியட்டும். ஓர் ஆள் அதே அறையில் படுக்கட்டும். உங்களுக்கும் அம்மாவுக்கும் முறைவைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு வாரத்தில் நீங்கள் விழுந்துவிடுவீர்கள். அவர் விழித்தால் நீண்ட வேதபாகம் வேண்டாம். மூச்சோடு சேர்த்துச் சொல்லக்கூடிய ஒரே வரி போதும்: மூச்சை இழுக்கும்போது "தேவரீர் என்னோடேகூட", விடும்போது "இருக்கிறீர்." நீங்கள் மெதுவாகச் சொல்லச் சொல்ல அவர் மூச்சும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வேகத்துக்கு இறங்கும். சிறுவயதில் அவர் மனப்பாடம் செய்த பாமாலைப் பாட்டுகள் எவை என்று இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதுப் பாட்டுகளைவிட அவைதான் கடைசிவரை நினைவில் நிற்கும்.

மரணத்தைப் பற்றி எப்போது பேசுவது, எப்போது விடுவது என்பதற்கு மார்ட்டின் லூத்தர் 1519இல் மரணத்துக்கு ஆயத்தப்படுவதைப் பற்றிச் செய்த பிரசங்கத்தில் நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. மரணத்தையும் பாவத்தையும் அவை தூரத்தில் இருக்கும்போதே உற்றுப் பார்க்க வேண்டும். கடைசி நேரத்தில் அவற்றைப் பாராமல் கிறிஸ்துவை மட்டும் பார்க்க வேண்டும் என்கிறார். நாம் தலைகீழாகச் செய்கிறோம். தெம்பாக இருக்கும்போது பேச்சையே எடுப்பதில்லை, மூச்சு இழுக்கிற நேரத்தில் "பாவத்தை அறிக்கையிடுங்கள்" என்று உலுக்குகிறோம். அவருடைய பிரசங்கம் தொடங்குவதும் சொத்து விஷயத்தில்தான்: சாவுக்குப் பிறகு உறவுக்குள் சண்டை வராதபடி ஒழுங்கு செய் என்று.

அதனால் உயிலையும் முடித்துவிடுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். அப்பா கையெழுத்திட, இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பங்கு செல்லாது. ஆகவே நீங்களோ அண்ணியோ சாட்சி போடாதீர்கள். சபைக்கோ அநாதை இல்லத்துக்கோ கொடுக்க அப்பா விரும்பினால் தடையில்லை. கிறிஸ்தவர்களுக்கு அதில் இருந்த பழைய கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2003இல் நீக்கிவிட்டது. கடைசியில் வென்டிலேட்டர் வேண்டாம் என்பது அவர் விருப்பமென்றால், அதையும் இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் எழுதிவைக்கலாம். அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டு, எந்த வேதபாகம் என்றும் கேளுங்கள். கேட்டால் மனம் உடைந்துவிடும் என்று நினைப்பீர்கள்; அவரைப் போன்ற ஆசிரியர்கள் அநேகமாக உற்சாகமாகத் திருத்தித் திருத்திச் சொல்வார்கள்.

கடைசி நாட்களில் நடக்கப்போவதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சாப்பாடு நின்றுபோகும். ஊட்டினால் நுரையீரலுக்குள் போகும், அதனால் வற்புறுத்தாமல் ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் மணிக்கொரு தரம் நனைத்தால் போதும். இந்தக் கட்டத்தில் டிரிப்ஸ் ஏற்றினால் வீக்கமும் சளியும் கூடலாம். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்கிற நமக்குத்தான் வேதனை, அவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மூச்சு அரை நிமிடம்கூட நின்று மறுபடி வரும். கை கால் குளிர்ந்து திட்டுத்திட்டாக நிறம் மாறும்.

சிலர் இறந்துபோனவர்களைப் பார்த்துப் பேசுவார்கள், சிலர் துணியைப் பிடித்து இழுப்பார்கள், திட்டுவார்கள், "அவனைப் போகச் சொல்லு" என்று கத்துவார்கள். அதைப் பிசாசு என்று சொல்லிச் சத்தமாகக் கடிந்து ஜெபிக்கவிடாதீர்கள். அது மூளையின் குழப்பம். சத்தம் அதைக் கூட்டும். முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் வயிறு இறுகி இருந்தால், ஒரு குழாய் போட்டதும் அந்த ஆர்ப்பாட்டம் அடங்கிவிடலாம். மலச்சிக்கல், காய்ச்சல், இரத்தத்தில் கால்சியம் கூடுவது ஆகியவையும் காரணமாக இருக்கலாம், செவிலியரைக் கூப்பிடுங்கள். முகம் சிரித்தபடி போனால் இரட்சிப்பு, சுளித்தபடி போனால் சந்தேகம் என்று அடக்க வீட்டில் பேசுகிறவர்கள் இருப்பார்கள். சாகும்போது முகம் காட்டுவது நோயையும் மருந்தையும்தான். பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன் சாந்தமான முகத்தோடு செத்திருக்க வழியில்லை. அவனுக்குத்தான் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு.

நினைவு இல்லாததுபோல் கிடந்தாலும் பேசுங்கள். கனடாவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கூப்பிட்டால் அசையாத நிலையில் இருந்த நோயாளிகள் சிலரின் மூளை, கடைசி மணிநேரங்களிலும் ஒலிக்குப் பதில் காட்டியது பதிவாகியிருக்கிறது. ஆகவே சொத்துப் பேச்சு, பெட்டிப் பேச்சு எல்லாம் வேறு அறையில் நடக்கட்டும்.

அண்ணனை எப்போது வரச் சொல்வது என்று கேட்டீர்கள். இப்போதே. தீமோத்தேயுவுக்கு அந்த நிருபத்தின் முடிவில் பவுல், "மாரிகாலத்துக்குமுன் நீ வந்துசேரும்படி ஜாக்கிரதைப்படு" என்று எழுதினார். தள்ளிப்போட்டால் பார்க்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணனுக்குப் பத்து நாள்தான் லீவு கிடைக்கும் என்றால் அதை அடக்கத்துக்கு என்று சேர்த்துவைக்க வேண்டாம். அப்பா பேசக்கூடிய இந்த நாட்களில் அதைச் செலவழிக்கச் சொல்லுங்கள். வந்த முதல் இரவே அப்பாவின் அறையில் படுக்கும் முறையை அவர் எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் போய்த் தூங்குங்கள்.